பேசாத பாடகனும் இரண்டு கிள்ளான் பஸ் ஸ்டாண்டுகளும்

மலேசியாவின் சுபாங் விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றிக்கொண்ட டாக்சி ஓட்டுநர் தமிழர். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். 'லோரோங் அஞ்சு' பையன்களைப் பற்றி ஒரு டாகுமெண்டரி எடுக்கப்போகிறோம், அதைத் திட்டமிட வந்திருக்கிறேன் என்றேன். அவர் ஒரு கேசட்டை எடுத்து உள்ளே தள்ளினார். நான்கு குரல்கள் சேர்ந்து ஆரம்பித்து, மூன்று குரல்கள் ஒதுங்கி, ஒன்று மட்டும் தனியாக மேலே ஏறியது.

"இதான் செல்வா. கொரல் தங்கம். ஆனா ஆளு தலக்கனம். பேட்டின்னு கூப்பிட்டா வாயே தொறக்க மாட்டான் லா" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் இருந்தோம். சென்னையில் அப்போது பாட்டு என்றால் சினிமாப் பாட்டுதான். சினிமாவே இல்லாமல் நான்கு பையன்கள் சேர்ந்து சொந்தமாகப் பாடி ஆடி, மூன்று கேசட் போட்டு, பள்ளிக்கூடப் பெண்களின் நோட்டு அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். லோரோங் என்றால் மலாயில் சந்து. கிள்ளான் என்ற துறைமுக ஊரில் ஐந்தாம் சந்தில் சேர்ந்து வளர்ந்தவர்கள், அந்தச் சந்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷமாகக் குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தேன். தென்னை மரத்தைத் துளைக்கும் வண்டைப் பற்றி ஒன்று, சொட்டு நீரில் வெண்டைக்காய் பயிரிடுவது பற்றி ஒன்று, அந்த வகை. மனிதர்கள் பாடுகிற, சிரிக்கிற படம் ஒன்று என் பெயரில் வருவதாக இருந்தது இதுதான் முதல் தடவை. அங்கே ஒரு தொலைக்காட்சியில் இதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எழுதிய திட்டமும் நான்கு பையன்களின் கையெழுத்தும் போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு யாருக்கோ. எனக்கு மறுபடியும் வண்டு.

என்னை வரவழைத்தவர் வசந்தி ஆன்டி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கேசட் கடை வைத்திருந்தார். இந்தப் பையன்களின் பாட்டைப் பதிவுசெய்து வெளியிட்டதும் அவர்தான். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆன்டி என்னோடு பேசும்போது யாழ்ப்பாணத் தமிழும் மலேசியத் தமிழும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் இடித்துக்கொள்ளாமல் நடந்து போகும். கடைக்கு மேல் இருந்த அறையில் எனக்குப் படுக்கை. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் சாம்பிராணி வாசம், இன்னொரு பக்கம் ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசி அடிக்கும் சத்தம். நம் ஊர் பரோட்டாவின் தம்பி என்று நினைத்து ஒன்று சாப்பிட்டேன். தம்பி இல்லை, கொஞ்சம் வசதியான வீட்டில் வளர்ந்த அண்ணன்.

செவ்வாய்க்கிழமை கிள்ளானுக்குப் போனேன். ஒரு மோட்டார் சாமான் கடையின் மாடியில் பையன்கள் ஒத்திகை பார்க்கிற இடம். படி ஏறும்போதே கிரீஸ் வாசனை. உள்ளே சுவர் முழுக்கக் கண்ணாடி, இரண்டு மின்விசிறி, நால்வர். எல்லோருக்கும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. குமரன் தலைவன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் குமாஸ்தா. வாய் ஓயாமல் பேசுவான், பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பாலாவும் பாபுவும் இரட்டையர்கள். அப்பாவின் லாரியை ஆளுக்கொரு நாள் ஓட்டுகிறார்கள். நான்காவது, செல்வா. ஒல்லி, உயரம், கை விரல் நுனிகளில் கழுவினாலும் போகாத கறுப்பு மை. மூலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாடினான். மற்ற மூவரும் வியர்க்க வியர்க்க ஆடுகிறார்கள், நானோ ஆடாமல் நிற்கிற ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் முதல் காட்சி இதுதான் என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

ஆன்டி ஒரு வீடியோ கேமராவை இரவல் வாங்கிக் கொடுத்திருந்தார். முன்னோட்டமாக ஒவ்வொருவரிடமும் பேசிப் பார்த்தேன். குமரன் அரை மணி நேரம் பேசினான். இரட்டையர்கள் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்தார்கள். செல்வாவின் முறை வந்தது. எப்படிப் பாட ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். என்னைப் பார்த்தான், கேமராவில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தான், பிறகு குமரனைப் பார்த்தான். குமரன் உடனே, இவன் சின்ன வயதிலேயே கோயிலில் பாடுவான் மேடம் என்று ஆரம்பித்தான். அதை அவரே சொல்லட்டும் என்றேன். செல்வா எழுந்தான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

கூச்ச சுபாவம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று குமரன் சமாதானம் சொல்லிக்கொண்டே என் பின்னால் படி வரைக்கும் வந்தான். விமானக் களைப்பு, வெக்கை, வெள்ளிக்கிழமை பற்றிய பயம் எல்லாம் சேர்ந்திருந்தது.

"இவருக்குப் பாடறதுக்கு மட்டும்தான் வாய் திறக்குமா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். கீழே மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் இன்னும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் கேட்டது.

புதன்கிழமை கடையிலேயே உட்கார்ந்து திட்டத்தை எழுதினேன். மதியம் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் வந்து சுவரில் இருந்த போஸ்டர் கிடைக்குமா என்று கேட்டார்கள். செல்வா சாதாரண ஆட்களோடு பேச மாட்டாராமே, உண்மையா அக்கா என்று ஒருத்தி என்னிடம் விசாரித்தாள். எனக்கே அந்த மரியாதை கிடைக்கவில்லை என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆன்டி என்னை வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார். சென்னையில் இலை போட்டால் பந்தி மாதிரி ஒரு அவசரம் இருக்கும். இங்கே ஒரு சீனக் குடும்பம் இலையில் ரசம் ஓடாமல் கையால் அணை கட்டிக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டது. எங்களைவிட நன்றாகவே கட்டினார்கள்.

சாப்பிட்டு வந்து ஆன்டியிடம் திட்டத்தைக் காட்டினேன். செல்வா பாடுகிற காட்சிகள் இருக்கும், பேசுவது மற்ற மூவர் மட்டும் என்று எழுதியிருந்தேன். ஆன்டி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவனை இப்படி ஒதுக்கி எடுக்கிறதெண்டால் நான் சம்மதிக்க மாட்டன், பிள்ளை. நீ போய் அவனோடயே கதை."

அவன்தான் பேச மாட்டேன் என்கிறானே என்றேன். ஆன்டி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். இதை நான் சொல்லக்கூடாது, பையன்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். காதல் விவகாரம், குழுவை விட்டு விலகப்போகிறான், வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று மனம் போனபடி யோசித்தேன்.

வியாழன் காலை தனியாகக் கிள்ளானுக்கு பஸ் ஏறினேன். அந்த ஐந்தாம் சந்தைப் பார்த்துவிட்டு, செல்வா வேலை செய்கிற அச்சகத்துக்குப் போய் நேரில் பேசுவதாக எண்ணம். ஊர் நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சென்னை மழை வருவதற்கு முன் யோசிக்கும். இந்த மழைக்கு யோசனையே கிடையாது. குடையை விரிக்கிற அவசரத்தில் இறங்கினேன். பஸ் திரும்பிப் போனது. கையில் குடை இருந்தது. பை இல்லை.

அதில்தான் பாஸ்போர்ட், விமான டிக்கெட், மூன்று நாள் எழுதிய நோட்டு எல்லாம். டிக்கெட் கவுண்டரில் இருந்த மலாய்க்காரரிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். பாவம், அவருக்கு என் ஆங்கிலம் எட்டவில்லை. எனக்கு மலாய் தெரியாது. சட்டைப்பையில் கிடந்த சில்லறையைப் போட்டு ஆன்டிக்குப் போன் செய்தேன். குமரன் துறைமுகத்தில், இரட்டையர்கள் லாரியோடு தூரத்தில் செமினிப் பக்கம். பக்கத்தில் இருப்பவன் செல்வா ஒருவன்தான், அச்சகத்துக்குச் சொல்கிறேன், அங்கேயே நில் என்றார் ஆன்டி. இந்த உலகத்தில் உதவி கேட்கவே கூடாத ஒரு ஆள் எனக்கு அன்று இருந்தான் என்றால் அவன்தான்.

பத்து நிமிடத்தில் மழைக்கோட்டோடு வந்து நின்றான். தலையை அசைத்தான். நான் நடந்ததைக் கொட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு நேராகக் கவுண்டருக்குப் போனான். நான் பின்னால் நின்றேன்.

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

வார்த்தையைத் தேடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவன் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். உதடுகள் ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தில் நின்று நடுங்கின. ப, ப, ப. கவுண்டர்காரர் உதவி செய்வதாக நினைத்து, பஸ்ஸா, எந்த பஸ் என்று மலாயில் கேட்டார். செல்வா தலையாட்டி மறுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். பின்னால் வரிசை சேர்ந்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். வரிசையில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் அவனை அடையாளம் கண்டு தோழியின் கையைப் பிடித்தாள். அடுத்த கணம் அவள் முகம் மாறியதையும் பார்த்தேன். அவனும் பார்த்தான். அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு கையால் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே போட்டான். இந்த அக்காவின் பை பஸ்ஸிலேயே தங்கிவிட்டது, அதில் பாஸ்போர்ட் இருக்கிறது, கோலாலம்பூருக்குத் திரும்பிய வண்டி. இதுதான் அவன் மலாயில் சொன்னது, பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். சொல்லி முடிக்கும்போது அவன் நெற்றியில் இருந்தது மழைத் தண்ணீர் இல்லை.

கவுண்டர்காரர் எழுந்து நின்றே போன் செய்தார். நாங்கள் காத்திருந்தோம். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மாடிப்படியில் நான் சொன்னது என் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் கவுண்டர்காரர் சிரித்த முகத்தோடு, பை கிடைத்துவிட்டது, கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது என்றார். செல்வா எனக்கு அதைச் சைகையும் சொல்லுமாகச் சொன்னான். நாம் நிற்பதே கிள்ளான் பஸ் ஸ்டாண்டுதானே, எங்கே பை என்று நான் தரையையெல்லாம் பார்த்தேன். அவன் முதல் தடவையாகச் சிரித்தான். கோலாலம்பூரிலும் ஒரு கிள்ளான் பஸ் ஸ்டாண்டு இருக்கிறதாம், கிள்ளான் பஸ்கள் புறப்படுகிற இடத்துக்கு அந்தப் பெயர். காலையில் நான் பஸ் ஏறியதே அங்கேதான்.

அவன் மோட்டார் சைக்கிளிலேயே கிளம்பினோம். பெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனியாக ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் லாரிக்கும் எருமைக்கும் நடுவில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய எனக்கு அது ராஜபாட்டை. ஆனால் பாதி வழியில் மழை எதிரே தெரியாதபடி அடித்தது. செல்வா ஒரு மேம்பாலத்தின் கீழே ஒதுக்கினான். அங்கே ஏற்கெனவே முப்பது வண்டிகள் நின்றிருந்தன. ஆளுக்கொரு சிகரெட், ஒருவர் கையில் சோற்றுப் பொட்டலம். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை.

மழைச் சத்தத்தில் அவன்தான் பேச்சை ஆரம்பித்தான். அவன் சொன்னதை இங்கே தடங்கல் இல்லாமல் எழுதுகிறேன். அவன் சொல்லி முடிக்க மழை விடும் வரைக்கும் ஆனது.

பேச்சு வந்த நாளிலிருந்தே திக்கும். பாடினால் திக்காது, ஏன் என்று அவனுக்கே தெரியாது. தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டால், இவன் வாயில் வார்த்தை சிக்கிக்கொள்வதற்குள் பக்கத்து இருக்கைக் குமரன் குரலை மாற்றி 'உள்ளேன் ஐயா' என்று சொல்லிவிடுவான். அப்போது ஆரம்பித்தது. கடையில், ஆஸ்பத்திரியில், பிறகு ரேடியோவில், எல்லா இடத்திலும் குமரன்தான் இவன் வாய். அச்சக வேலைக்குப் போனதும் இதனால்தான். மெஷின் ஓடும்போது அங்கே எவனும் பேச மாட்டான். குழு பிரபலமான பிறகு மூவரும் சேர்ந்து, வெளியே தெரிய வேண்டாம், தலக்கனம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். இவன் நல்லதுக்குத்தான்.

நான் அன்று படியில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். காதில் விழுந்தது என்றான்.

"அதவிட மோசமாலாம் கேட்டிருக்கேன் அக்கா. ஆனா நீங்க, என்னைய சொல்லச் சொன்னீங்க. குமரன சொல்ல விடல. அது இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல."

பிறகு ஏன் எழுந்து போனாய் என்று கேட்டேன். பயம் என்றான். ஒரே சொல். அது திக்காமல் வந்தது.

கோலாலம்பூர் கவுண்டரில் ஒரு சீன அம்மா என் பையைத் தன் தேநீர் பிளாஸ்குக்குப் பக்கத்தில் குழந்தையைப் போல் உட்கார வைத்திருந்தார். பாஸ்போர்ட்டைத் திறந்து என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இருப்பவர் ஒல்லியாக இருக்கிறாரே என்று சொன்னதாகச் செல்வா மொழிபெயர்த்தான், கொஞ்சம் அதிகப்படியான சந்தோஷத்தோடு. பை கைக்கு வந்ததும் திறந்து நோட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். எதிரே இருந்த கடையில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாயும், தே தாரே என்று இங்கே சொல்கிற, இழுத்து ஆற்றிய தேநீரும் சாப்பிட்டோம். அவ்வளவு நிம்மதியாக நான் எந்த ஊரிலும் சாப்பிட்டதில்லை.

சாப்பிடும்போது படத்தைப் பற்றிக் கேட்டான். நீ பேசினால் முழுப் படமும் மாறும், பேசாவிட்டாலும் எடுப்பேன், உனக்காக வேறு யாரும் பேசுகிற மாதிரி மட்டும் எடுக்க மாட்டேன் என்றேன். நாளைக்கு வருகிறேன் என்று கையால் காட்டிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

வெள்ளிக்கிழமை காலை மோட்டார் சாமான் கடையின் மாடியில் நால்வரும் ஆன்டியும் நானும். இரவு முழுக்க மாற்றியெழுதிய திட்டம் என் கையில். ஆடுகிற காட்சிகளைக் குறைத்திருந்தேன். அச்சகம் உள்ளே வந்திருந்தது, மெஷின் சத்தத்தோடு. பின்னணியில் விளக்கம் சொல்லும் குரல் இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். நான் படித்து முடித்ததும் குமரன் முகம் இறுகிவிட்டது. இவனை ஊரே பார்த்துச் சிரிக்கும் மேடம், கல்யாண வீடுகளில் எங்களைக் கூப்பிட மாட்டார்கள், இதைக் காட்டித்தான் படம் ஓட வேண்டுமா என்று கேட்டான். கோபம் இல்லை அது. பதினைந்து வருஷமாக ஒருவனைக் காத்து நின்றவனின் வருத்தம். செல்வாவுக்கு இதில் இஷ்டமில்லை என்று அவன் சொல்லத் தொடங்கியபோது, செல்வா அவன் முழங்கால்மேல் கையை வைத்தான்.

குமரன் நிறுத்தினான். செல்வா என்னைப் பார்த்தான். நான் கேட்காமலே கேமராவை ஆன் செய்யச் சொல்லிச் சைகை காட்டினான். விளக்கு எரிந்தது. அவன் சொன்னது ஒரு வாக்கியம். மூன்று இடத்தில் மூச்சு முட்டி, ஒரு இடத்தில் கண்ணை மூடி, திரும்ப ஆரம்பித்துச் சொன்னான்.

"நான் சொல்லி முடிக்கிற வரைக்கும், கட் பண்ணாதீங்க."

செய்ய மாட்டேன் என்றேன். எடிட்டிங் மேசையிலும் செய்ய மாட்டேன், திட்டத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அங்கேயே எழுதினேன். செல்வா மை படிந்த விரலால் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டான். இரட்டையர்கள் போட்டார்கள். குமரன் எழுந்து படிப்பக்கம் போய்விட்டான். ஆன்டி என்னைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தபோது பிளாஸ்டிக் பைகளில் கட்டிய ஆறு தேநீரோடு திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது. எனக்குச் சொல்லியிருக்கலாம்டா, நான் விலகியிருப்பேனே என்று செல்வாவிடம் சொல்லிவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

ஆன்டி தாள்களை உறையில் போட்டு, ஒரு டாக்சி பிடித்துத் தானே கொடுத்துவிட்டு வரக் கிளம்பினார். படியிறங்கும்போது அவர் பெருமூச்சு விட்டது மாடி வரைக்கும் கேட்டது. எனக்கும் தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது.

டேப்பில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முதல் பேட்டியை இப்போதே தொடங்கிவிடலாமா என்றேன். செல்வா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். மற்ற மூவரும் என் பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். இருப்பதிலேயே சுலபமான கேள்வி என்று நான் நினைத்தது தப்பு. சொந்தப் பெயர்தான் அவனுக்கு மிகக் கஷ்டம். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கீழே யாரோ ஒரு சைலன்சரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். குமரனின் உதடு தானாக அசைந்து அந்தப் பெயரைச் சொல்லப்போனது. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

நேரம் எடுத்தது. பிறகு பெயர் வந்தது, முழுசாக, அப்பா பெயரோடு.